காலை ஏழு மணிக்குப் பிறகு அவர்கள் எங்கே போவது?

தமிழ்ச் சபை ஒன்றின் இளையர் குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. அவர்களில் சிலர் லண்டனுக்குச் சென்றிருந்தபோது, தேவாலயத்தின் ஆதரவில் இயங்கும் பகல்நேர உதவி நிலையம் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். தெருவில் உறங்கும் மனிதர்கள் காலையில் அங்கே வந்து, குளித்து, பசியாறி, துணி துவைத்து, தாதியிடம் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கோ வேலைக்கோ விண்ணப்பம் எழுதிச் செல்வதைக் கண்டவர்கள், இதுபோல் ஒன்றைச் சிங்கப்பூரில் நம் சபை தொடங்கலாமா, இங்கே அதற்குத் தேவை உண்டா, கிறிஸ்தவ அமைப்பு என்பதால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சமூகச் சேவைத் துறையில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தேவை உண்டு. ஆனால் சபைகள் வழக்கமாக முதலில் கைவைக்கும் சாப்பாட்டில் அந்தத் தேவை அதிகம் இல்லை. பகல் பொழுதில் யாரும் விரட்டாமல் இருக்க ஓர் இடமும், அந்த இடத்தில் வாரம் தவறாமல் காணக்கூடிய தெரிந்த முகமும்தான் இங்கே குறைவாக இருக்கின்றன. சமைக்கத் தொடங்குவதற்கு முன்னால் இதை உங்கள் குழு ஏற்றுக்கொண்டால், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்கலாம்.

முதலில் லண்டனைப் பற்றிச் சிறிது. அங்கே இவ்வகைப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல் மிஷன் 1876இல் மெத்தடிஸ்டுகளால் தொடங்கப்பட்டது; இன்றும் விடியற்காலையில் காலையுணவு தருகிறது. டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்திலுள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயம், முதல் உலகப் போர்க் காலத்தில் டிக் ஷெப்பர்ட் என்ற போதகரின் முயற்சியால், ரயில் நிலையங்களில் வந்திறங்கிய படைவீரர்களுக்கும் போக்கிடமற்றவர்களுக்கும் தன் நிலவறையைத் திறந்துவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தை ஒட்டி 1980இல் கர்தினால் பேசில் ஹியூமும் அன்பின் புதல்வியர் சபைக் கன்னியரும் சேர்ந்து தொடங்கிய 'தி பாசேஜ்' இன்று அந்நகரின் பெரிய நிலையங்களுள் ஒன்று. இவற்றின் பணி ரொட்டியும் தேநீரும் தருவதோடு நின்றுவிடவில்லை. 1977இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், வீடிழந்தவர்களில் குறிப்பிட்ட சிலருக்குத் தங்குமிடம் தேடித்தரும் கடமையை உள்ளூர் மன்றங்களின் மீது சுமத்தியது. குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கும் நலிந்தோருக்கும் முன்னுரிமை. உடல் நலமுள்ள தனி ஆண் பெரும்பாலும் அந்த வரிசைக்கு வெளியே நின்றார். அப்படி நின்றவருக்காகக் கடிதம் எழுதுவது, மன்ற அலுவலகத்துக்குக் கூடவே போவது, மறுப்பு வந்தால் முறையீடு செய்வது எல்லாம் பகல்நேர நிலையங்களின் வேலையாயின. உங்கள் இளையர் கண்ட குளியலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் வெளியே தெரியும் பகுதி மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் ஒரு சிறிய வழக்காடும் அலுவலகம் இயங்குகிறது.

அந்த நிலையத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட முடியாது. நம்மிடம் அந்தச் சட்டமும் இல்லை, அந்தக் குளிரும் இல்லை, அந்த எண்ணிக்கையும் இல்லை.

சிங்கப்பூரில் தெருவில் உறங்குவோரைத் தீவு முழுவதும் எண்ணிப் பார்த்த முதல் ஆய்வு 2019இல்தான் நடந்தது. லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த இங் கொக் ஹோவின் தலைமையில், தொண்டூழியர்கள் நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் புளோக் புளோக்காக நடந்து எண்ணினார்கள். 921 முதல் 1,050 பேர்வரை இருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. 2021இல் அதே குழு மீண்டும் எண்ணியபோது மொத்தம் 1,036 பேர். அவர்களில் 616 பேர் வெளியிலும் 420 பேர் தற்காலிகத் தங்குமிடங்களிலும் இருந்தார்கள். 2022 நவம்பர் 11ஆம் தேதி இரவில் அரசாங்கம் ஏற்பாடு செய்த கணக்கெடுப்பில் வெளியில் உறங்கியவர்கள் 530 பேர். கணக்கிடும் முறைகள் வேறானவை என்பதால் இந்த எண்களை அருகருகே வைத்து முடிவுகட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் தெருவில் உறங்குவோர் சில நூறு பேர் என்பதும், இரவுத் தங்குமிடங்கள் கூடியபோது தெருவிலிருந்த எண்ணிக்கை குறைந்தது என்பதும் தெளிவு.

எண்ணிக்கையைவிட உங்களுக்குப் பயன்படுவது அந்த முதல் ஆய்வு காட்டிய மனிதர்களின் முகம். பெரும்பாலோர் ஆண்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஏராளம். பேட்டி காணப்பட்டவர்களில் பத்தில் ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். துப்புரவு, பாதுகாவல், கிடங்கு, உணவங்காடி நிலையத்தில் தட்டுக் கழுவுதல் போன்ற வேலைகள்தான். சிலருடைய பெயரில் வீடுகூட இருந்தது. ஆனால் அந்த வீட்டில் மகனோடு பேச்சுவார்த்தை இல்லை, அல்லது ஓரறை வாடகை வீட்டில் சேர்ந்து குடியிருப்பவரோடு ஒத்துப்போகவில்லை. இவர்களைப் பார்த்தால் உங்களுக்கு வீடற்றவர் என்று தோன்றாது. காலையில் எம்ஆர்டியில் உங்கள் பக்கத்தில் நிற்பவர், சட்டையை உள்ளே சொருகியிருப்பவர், கையில் தோள்பை ஒன்று கூடுதலாக வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

இனி இரவு ஏற்பாடுகளைப் பார்க்கலாம். சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2019இல் 'பியர்ஸ்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, அரசாங்க அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வழிபாட்டு இடங்களையும் ஒன்றாகக் கோத்தது. தேவாலயங்கள் உள்ளிட்ட வழிபாட்டு இடங்கள் தங்கள் கூடங்களை இரவில் திறந்து, பாய் விரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அதில் முக்கியமானது. 2020 ஏப்ரலில் கிருமிப் பரவலை முறியடிக்கும் கட்டுப்பாடுகள் வந்தபோது அந்த ஏற்பாடு வெகுவேகமாக விரிந்தது. பாராட்டத்தக்கதுதான். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள்: இரவு ஒன்பது பத்து மணிக்குத் திறந்து, காலை ஏழு மணி வாக்கில் மூடுகிறது. கூடம் பகலில் வேறு வேலைக்கு வேண்டும். பாலர் பள்ளியோ, ஜெபக்கூட்டமோ, துக்க ஆராதனையோ இருக்கும். ஆகவே ஏழு மணிக்குப் பாயைச் சுருட்ட வேண்டும்.

பொது நூலகம் பெரும்பாலும் பத்து மணிக்குத்தான் திறக்கும். கடைத்தொகுதிகளும் ஏறக்குறைய அப்படித்தான். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தை, கோப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓவை முன்னால் வைத்துக்கொண்டோ, இருபத்துநான்கு மணி நேர மெக்டோனல்ட்ஸின் மூலை மேசையிலோ, பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பியோ கழிக்கிறார்கள். அறுபது வயதில், நீரிழிவும் வீங்கிய காலும் வைத்துக்கொண்டு, நாள்தோறும்.

இதைவிடக் கொடியது இரவு வேலை செய்பவரின் நிலைமை. பாதுகாவலர் வேலையில் பன்னிரண்டு மணி நேர இரவு முறை சர்வ சாதாரணம். மாலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்க் காலை ஏழு மணிக்குத் திரும்புபவருக்கு, இரவில் மட்டும் திறக்கும் தங்குமிடத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் தூங்க வேண்டிய நேரம் பகல். பகலில் பூங்கா இருக்கையில் படுத்தால் யாராவது எழுப்புவார்கள், அல்லது வெயில் எழுப்பும். தூக்கமில்லாமல் அடுத்த இரவு வேலைக்குப் போகிறார், அங்கே கண்ணயர்ந்துவிடுகிறார், வேலை போகிறது. வேலையும் போனபிறகுதான் நம் பார்வையில் அவர் 'வீடற்றவர்' ஆகிறார். பகல் தூக்கத்துக்கு ஓர் அறை கொடுக்கக்கூடிய நிலையம், ஒருவரின் சம்பளத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது என்பதை உங்கள் குழுவின் பொருளாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் படுத்துக்கொண்டிருப்பதைச் சோம்பல் என்று நினைக்கும் மூப்பர் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார்.

சாப்பாட்டைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் முதல் திட்டம் அதுவாகத்தான் இருக்கும். இந்த ஊரில் சமைத்த உணவுக்குப் பஞ்சம் இல்லை. 2003இல் தொடங்கிய வில்லிங் ஹார்ட்ஸ் என்ற தொண்டு அமைப்பு நாள்தோறும் ஆயிரக்கணக்கான பொட்டலங்களைத் தீவு முழுவதும் அனுப்புகிறது. சிலாட் சாலை சீக்கியக் கோயிலில் யார் போனாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். சிராங்கூன் சாலைக் கோயில்களில் அன்னதானம் நடக்கிறது; நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி கிடைக்கிறது. நகரின் மையத்தில் உறங்குபவர் ஒருவருக்கு ஒரே மாலையில் மூன்று குழுக்கள் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவதும், மறுநாள் காலையில் அவர் எதுவும் இல்லாமல் இருப்பதும் இங்கே நடக்கிறது. எனவே நான்காவது குழுவாகப் பொட்டலத்தோடு போவதற்கு முன் யோசியுங்கள். நிலையத்தில் தேநீரும் ரொட்டியும் முட்டையும் போதும். அதுகூட உண்பதற்காக மட்டும் அல்ல, கையில் ஒரு குவளை இருந்தால் ஒரு மனிதர் அரை மணி நேரம் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருப்பார் என்பதற்காக.

அப்படியானால் நிலையத்தில் என்ன இருக்க வேண்டும்? பூட்டக்கூடிய அலமாரிகள் முதலில். வீடற்றவரின் பெரிய பாரம் அவருடைய பை. அதைத் தூக்கிக்கொண்டு வேலை நேர்காணலுக்குப் போக முடியாது, கீழே வைத்தால் துப்புரவாளர் குப்பையென்று எடுத்துச் சென்றுவிடுவார். அந்தப் பைக்குள் அடையாள அட்டை, மருந்து, மாற்றுச் சட்டை எல்லாம் இருக்கும். அடுத்து, கதவு முழுதாகத் தாழிடக்கூடிய குளியலறை. பிறகு துணி துவைத்து உலர்த்தும் வசதி, கைப்பேசிக்கு மின்னூட்டும் இடம், கால் நகம் வெட்ட ஒரு நல்ல வெட்டியும் காலைச் சோதிக்கத் தெரிந்த ஒரு தாதியும். நாளெல்லாம் ஈரக் காலணியில் நடப்பவரின் விரல் இடுக்கில் புண் வரும். நீரிழிவு இருந்தால் அந்தப் புண் விரலையே கொண்டுபோய்விடும். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வாரம் ஒருமுறை வந்தால், பிரசங்கத்துக்கு அழைக்கும் சிறப்பு விருந்தினரைவிட அவர்தான் அதிக நன்மை செய்வார்.

இவை பொருள்கள். இவற்றைக் கொண்டு நடக்க வேண்டிய காரியம் வேறு. அதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன். நான் அறிந்த ஓர் இடத்துக்கு அறுபதை நெருங்கிய ஒரு தமிழர் வருவார். சுவரைப் பார்த்தபடி முதுகு காட்டி உட்காருவார், கைப்பேசியைச் செருகுவார், முழு மின்னூட்டம் ஏறியதும் எழுந்து போய்விடுவார். பெயர் கேட்டால் சொல்லமாட்டார். அங்கிருந்த இளையர் அவரை "அண்ணே" என்று மட்டும் அழைத்து, தேநீரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மாதங்கள் கழித்து ஒரு நாள் அவர் பையிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். உள்ளே உறை பிரிக்காத கடிதங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து (வீவக) வாடகை நிலுவைக் கடிதம், பலதுறை மருந்தகம் கண் பரிசோதனைக்குக் கொடுத்த தேதி, அது கடந்து போய்ப் பல மாதங்கள், நகர மன்றத்தின் கடிதம், மத்திய சேம நிதிக் கழகத்தின் அறிக்கை. அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாமல் இல்லை. பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த மேசையில் அன்று பிரிக்கப்பட்ட கடிதங்களில் பாதிக்கு, உரிய காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும்.

அந்த இளையர் முதல் வாரமே கேள்விப் படிவத்தை நீட்டியிருந்தால் டின் வெளியே வந்திருக்காது. உதவி பெறுவதற்குமுன் பதினைந்து கேள்விகள் கேட்கும் அலுவலகங்கள் இந்த ஊரில் உண்டு. அவற்றுக்கு அந்தக் கேள்விகள் வேண்டும், பொதுப் பணம் செலவாகிறது. பெயர்கூடக் கேட்காமல் தேநீர் தரும் இடம்தான் அரிது. ஆகவே நுழைவதற்குப் படிவம் வைக்காதீர்கள். தேவை வரும்போது எழுதிக்கொள்ளலாம். எழுதியதைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி பூட்டி வைக்க வேண்டும், ஜெபக் குறிப்புத் தாளில் அச்சிட்டுச் சபையாருக்கு விநியோகிக்கக் கூடாது.

கடிதத்துக்குப் பிறகு வருவது வீடு. குறைந்த வருமானக்காரருக்கான வீவக வாடகை வீடு மாதம் 26 வெள்ளியிலிருந்துகூடக் கிடைக்கும். நெடுங்காலமாக இதற்கான குடும்ப வருமான வரம்பு 1,500 வெள்ளி. ஆனால் தனியாளுக்கு வழக்கமான வழி, இன்னொரு தனியாளைத் தேடிக்கொண்டு இருவராக விண்ணப்பிப்பது. குடும்பத்தோடு கசந்து வெளியே வந்தவர், அறியாத ஒருவரோடு ஓரறை வீட்டில் ஒரே விளக்கின் கீழ் உறங்க வேண்டும். ஒருவர் குடிப்பவர், மற்றவர் தொழுபவர், சண்டை வராமல் எப்படி இருக்கும்? வாடகை வீட்டுக்குரியவர்களே தெருவுக்குத் திரும்புவதற்கு இது ஒரு காரணம். 2021இன் இறுதியில் வீவக ஒரு மாற்றுத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. சமூகச் சேவை நிறுவனம் ஒன்று வீடுகளை நடத்தி, ஒத்துப்போகக்கூடியவர்களைச் சேர்த்துவைத்து, தகராறு வந்தால் தீர்த்துவைக்கும். விண்ணப்பிப்பவர் துணையைத் தேடிக்கொண்டு வர வேண்டியதில்லை. இப்படியொன்று இருப்பதையே அறியாதவர்களைத் தெருவில் நிறையக் காணலாம். உங்கள் நிலையம் சட்டத்தை மாற்றாது. ஆனால் இந்தத் தகவல் தெரிந்த ஒருவர், அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லை மறந்துபோன ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துத் தந்தால் அதுவே பெரிய வேலை. கைப்பேசி தொலைந்தால் சிங்பாஸும் தொலைந்தது போலத்தான். சிங்பாஸ் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டுவதும் கடினம். முகவரியும் அப்படித்தான். வீடு மாறினால் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. போக வீடே இல்லாதவரின் அட்டையில் பழைய முகவரியே இருக்கும், கடிதங்களும் அவர் காலெடுத்து வைக்க முடியாத அந்த வீட்டுக்கே போகும்.

அலுவலகங்களைக் கண்டு அவர்கள் ஒதுங்குவதற்கு இன்னொரு காரணம் பயம். 1989ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், பிழைக்க வழியும் தங்க இடமும் இல்லாமல் பொது இடத்தில் காணப்படுபவரைக் காப்பகத்தில் சேர்க்க அதிகாரம் தருகிறது. இன்றைய அணுகுமுறை, பேசிப் பழகித் தங்குமிடத்துக்கு வரவழைப்பதுதான். காப்பகங்களையும் தொண்டு நிறுவனங்களே நடத்துகின்றன, மெத்தடிஸ்ட் நலச் சேவையின் கிறிஸ்டலைட் இல்லம் அவற்றுள் ஒன்று. ஆனால் "பிடிச்சுக்கிட்டுப் போயி ஹோம்ல போட்டுருவாங்க" என்ற பேச்சு தெருவில் இன்னும் ஓயவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, ஒரே நிறச் சட்டையில் ஐந்தாறு பேராக நீங்கள் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கிறிஸ்தவ அடையாளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைக்க வேண்டியதில்லை. இந்த ஊரின் சமூகச் சேவையில் பெரும்பகுதி அந்த வேரிலிருந்து முளைத்ததுதான்: வின்சென்ட் தே பவுல் சபை 1883 முதல் இங்கே ஏழைகளின் வீடு தேடிப் போகிறது, இரட்சணிய சேனை 1935இல் வந்தது, கத்தோலிக்க நலச் சேவை 1959இலும் மெத்தடிஸ்ட் நலச் சேவை 1981இலும் உருவாயின. வாசலில் சிலுவை இருந்தால் இங்கே யாரும் திடுக்கிடமாட்டார்கள். ஆனால் இரட்சணிய சேனையின் பழைய முழக்கமான சூப்பு, சோப்பு, இரட்சிப்பு என்ற வரிசையை, மூன்றாவது கிடைத்தால்தான் முதலிரண்டும் என்று யாராவது திருப்பிப் போட்டுவிட்டால் நிலையம் அன்றே கெட்டுவிடும். தேநீருக்குமுன் பாட்டுப் பாட வைக்காதீர்கள். ஜெபிக்க விரும்புவோருக்கு ஒரு தனி அறை, குறிப்பிட்ட நேரம், கேட்டால் மட்டும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அந்நியனைச் சேர்த்துக்கொண்டவர்கள் அவனிடம் என்ன மதம் என்று விசாரித்ததாக எழுதப்படவில்லை.

இதில் சட்டப் பக்கமும் உண்டு. நன்கொடையாளருக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு பெற்றுத் தரும், ஐபிசி எனும் பொது நல அமைப்புத் தகுதி, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பயன்படும் பணிக்குக் கிடைக்காது. சபைகள் தங்கள் நலப்பணியைத் தனி அமைப்பாகப் பதிவு செய்து, தனிக் கணக்கும் தனி நிர்வாகக் குழுவும் வைத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காணிக்கைப் பணமும் நிலையத்தின் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள், பிறகு பிரிப்பது சொத்துப் பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிடும்.

அன்றாடத்தில் மதம் எட்டிப்பார்ப்பது சமையலறையில்தான். வருகிறவர்களில் மலாய்க்காரர்களும் இருப்பார்கள். சபையின் ஞாயிறு விருந்துக்குப் பன்றி இறைச்சி சமைத்த அதே அடுப்பு, அதே குவளை என்று தெரிந்தால் ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) தேநீரைத் தொடமாட்டார். காரணமும் சொல்லமாட்டார், அடுத்த வாரம் வரமாட்டார். நிலையத்துக்கென்று தனிப் பாத்திரமும், ஹலால் சான்று பெற்ற கடையிலிருந்து வரும் உணவும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டு வருபவரை உள்ளே விடுவதா என்று உங்கள் குழு நீண்ட நேரம் விவாதிக்கும். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015இல் வந்த சட்டம், இரவு பத்தரை முதல் காலை ஏழுவரை பொது இடத்தில் குடிப்பதைத் தடை செய்கிறது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆகையால் ஏழு மணி அடித்ததும் முதல் போத்தலைத் திறப்பவரும் இருக்கிறார். என் கருத்து: உள்ளே குடிக்கக் கூடாது, போத்தல் அலமாரிக்குள் போக வேண்டும், ஆனால் வாடை அடிக்கிறது என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அடிதடி, மிரட்டல், பெண்களிடம் தகாத பேச்சு என்றால் வெளியேற்ற வேண்டும். எத்தனை நாளைக்கு என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், அன்றைய பொறுப்பாளரின் மனநிலைக்கு விடக் கூடாது. பெண்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வருவார்கள். அவர்களுக்குத் தனி நேரமோ தனி அறையோ இல்லையென்றால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

புகைப்படம் வேண்டாம். ஆண்டு விழா மலருக்காகக்கூட வேண்டாம். மகள் எந்தப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள் என்பதை யாரிடமும் சொல்லாத தகப்பன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

நம்மவர் அடுத்துக் கேட்பது, வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பது. தமிழ்ச் சபையின் நிலையம் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்தில் திறந்தால், நீங்கள் அழைக்காவிட்டாலும் அவர்கள் வருவார்கள். வேலையிடத்தில் காயம்பட்டு, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை சிறப்பு அனுமதியில் காத்திருப்பவர் வேலை செய்ய முடியாது, ஊருக்கும் போகவில்லை. விதிப்படி முதலாளி உணவும் இடமும் தர வேண்டும், ஆனால் முதலாளிக்கும் இவருக்கும் வழக்கு என்ற நிலையில் அந்த விடுதிக்குத் திரும்ப அஞ்சுபவர்கள் உண்டு. அவருக்கும் பகல் ஒரு பெரும் சுமைதான். ஆனாலும் அவருடைய சிக்கல் வேறு, அதற்கான சட்டம் வேறு, போக வேண்டிய அமைச்சு வேறு. அதில் தேர்ந்த அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன: டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008 முதல் கஃப் சாலைத் திட்டத்தின்கீழ் இலவச உணவோடு வழக்கு ஆலோசனையும் தருகிறது, கிறிஸ்தவ நண்பர்களால் 2006இல் தொடங்கப்பட்ட ஹெல்த்சர்வ் மருத்துவ உதவி செய்கிறது. தேநீர் கொடுங்கள், உட்கார வையுங்கள், இழப்பீட்டுக் கணக்கில் நீங்களே ஆலோசனை சொல்லாமல் அவர்களிடம் அழைத்துப் போங்கள். தமிழில் பேசி, ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்லி, கூடப் போகும் ஓர் ஆள் என்பதே அந்த ஊழியருக்குப் பெரிய உதவி; அதை உங்கள் இளையர் நன்றாகச் செய்ய முடியும்.

ஆள்பலத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன. ஞாயிறு மதியம் நாற்பது தொண்டூழியர் கிடைப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு யார் வருவார்? ஓய்வுபெற்றவர்களும், பகுதிநேர வேலை செய்பவர்களும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய்மாரும்தான் இதற்கு முதுகெலும்பு. அவர்களோடு சம்பளம் பெறும் சமூகச் சேவையாளர் ஒருவராவது வேண்டும். தற்கொலை எண்ணத்தோடு வருபவரையும், மனநோய்க்கு மருந்தை நிறுத்திவிட்டவரையும் நல்ல மனது மட்டும் கொண்டு கையாள முடியாது. ஏழு நாளும் திறப்பதாக அறிவித்து இரண்டு வாரத்தில் மூன்று நாள் பூட்டிக் கிடப்பதைவிட, வாரத்தில் இரண்டே காலைகள் ஆண்டு முழுவதும், சீனப் புத்தாண்டு விடுமுறையிலும் தவறாமல் திறப்பது மேல். சீனப் புத்தாண்டு நாட்களில் கோப்பிக்கடைகள் பலவும் மூடிவிடும். குடும்பமில்லாதவருக்கு ஆண்டின் மிக நீண்ட பகல்கள் அவைதான்.

இடத்தைப் பொறுத்தவரை பழைய தமிழ் ஆலயங்கள் பல நல்ல இடத்தில்தான் இருக்கின்றன. ஓஃபிர் சாலையின் லூர்து அன்னை ஆலயமும் ஷார்ட் ஸ்திரீட்டின் தமிழ் மெத்தடிஸ்ட் ஆலயமும், நகர மையத்திலும் காலாங் வட்டாரத்திலும் உறங்குவோர் நடந்தே வரக்கூடிய தொலைவில் உள்ளன. 2019 ஆய்விலும் நகர மையத்தில்தான் அதிகம் பேர் காணப்பட்டார்கள். உங்கள் சபைக்குக் கூடமும் குளியலறையும் இருந்து, வார நாள் காலைகளில் அது காலியாகக் கிடக்கிறது என்றால், புதிதாக வாடகைக்கு இடம் தேட வேண்டியதில்லை. கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற நகரச் சீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடமும் திறப்பதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், புகார் கடிதம் வந்தபிறகு பேசுவது கடினம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வைக்கும் வேலை ஒன்றே ஒன்று. உங்கள் வட்டாரத்தில் இரவுத் தங்குமிடம் நடத்தும் தேவாலயமோ பள்ளிவாசலோ எதுவென்று சமூகச் சேவை அலுவலகத்தில் கேட்டறிந்து, அதன் பொறுப்பாளரைச் சந்தித்து, அவருடைய ஆட்கள் காலையில் பாயைச் சுருட்டியபின் எங்கே போகிறார்கள், அவர்களில் இரவு வேலை செய்பவர் யார், எந்தெந்தக் காலைகளில் அவர்களுக்கு இடமில்லை என்று விசாரியுங்கள். எந்த இரண்டு நாள் திறப்பது, எத்தனை மணிக்குத் திறப்பது, குளியலறையா படுக்கையறையா எது முதலில் என்பதையெல்லாம் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுசெய்யலாம்.